1டிஎக்ஸா, ஆர்8-ஆ? கல்யாண வேலைக்கு உழைக்கிற கேமரா பாடி எது

தக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் கேனான் 6டி கேமராவும், ஒரு 24-70, ஒரு 50 எம்எம் என்று இரண்டு லென்ஸும் இருக்கிறது. கல்யாணமும் திருவிழாவும் எடுக்கிறார். ஒன்றரை லட்சம் வரை புரட்ட முடியும். செகண்ட்ஸில் கேனானின் 1டிஎக்ஸ் மார்க் 2 ஒன்று வருகிறது, புதுசாக ஆர்8-உம் அந்தத் தொகைக்குள் வருகிறது, இரண்டில் எது வருஷக்கணக்கில் உழைக்கும் என்பது கேள்வி.

நேராகவே சொல்லிவிடுகிறேன் தம்பி, இரண்டும் வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல நிலையில் ஒரு செகண்ட்ஸ் ஆர்6 கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் 5டி மார்க் 4 எடுங்கள், 6டி-யை மட்டும் விற்றுவிடாதீர்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

படம் நன்றாக வருமா என்பதைப் பாடியிடம் கேட்கிற காலம் போய்விட்டது. உங்கள் 6டி 2012-இல் வந்தது, 20.2 மெகாபிக்சல், 12க்கு 36 ஆல்பம் ஷீட்டுக்கு இன்றைக்கும் தாராளம். வெளிச்சத்தையும் லென்ஸையும் சரியாகப் பிடித்தால் எந்தப் பாடியில் எடுத்தது என்று பெண்ணின் அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. தொழிலுக்கு வாங்குகிற பாடியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எடுத்த படம் பத்திரமாக வீடு வந்து சேருமா? மழை பெய்தாலும், கார்டு செத்தாலும், விடியற்காலை பெண் வீட்டில் தொடங்கி ராத்திரி வரவேற்பு முடிகிற வரை இழுத்தாலும் சேருமா? மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஆர்8 வேண்டாம் என்பது இதனால்தான். அது மோசமான கேமரா இல்லை, 2023-இல் வந்தது, ஆர்6 மார்க் 2-இல் இருக்கிற அதே 24.2 மெகாபிக்சல், ஃபோகஸ் பிடிக்கிற விதமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கார்டு ஸ்லாட் ஒன்றே ஒன்று. உங்கள் 6டி-யிலும் ஒன்றுதானே, இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பீர்கள். கார்டு சொல்லிக்கொண்டு சாவதில்லை. காலையில் 400 படம் ஒழுங்காக எழுதிய கார்டு மத்தியானம் திறக்க மாட்டேன் என்கும், மென்பொருள் போட்டு மீட்டால் பாதி வரும், வராத பாதியில்தான் தாலி கட்டு இருக்கும். மறுபடி ஒரு தடவை கட்டுங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது. தொழில் பாடிகளில் இரண்டு ஸ்லாட் வைத்திருப்பதன் முதல் பயனே இதுதான்: மெனுவில் இரண்டு கார்டிலும் ஒரே படத்தைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டால் ஒன்று போனாலும் மற்றது இருக்கும். இரண்டு ஸ்லாட் இருந்தும், ஒன்று நிறைந்த பிறகு அடுத்ததற்குப் போகும்படி வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்க்கிறேன். கல்யாணத்துக்குப் போகும்போதாவது அதை மாற்றிவிடுங்கள்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. 5டி மார்க் 3 இப்போது மலிவாகக் கிடைக்கிறது, அதிலும் சிஎஃப், எஸ்டி என்கிற இரண்டு வகைக் கார்டுக்கு ஒன்று ஒன்றாக இரண்டு ஸ்லாட் இருக்கிறது. ஆனால் அந்த எஸ்டி ஸ்லாட் யூஎச்எஸ் என்கிற அதிவேக முறையில் எழுதாது, எவ்வளவு நல்ல கார்டு போட்டாலும் அதே மெதுவான வேகம்தான். இரண்டிலும் பதிவு செய்யச் சொன்னால் மெதுவான கார்டுதான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும், பூ தூவுகிற நேரத்தில் தொடர்ந்து அமுக்கினால் பாடி திணறி நின்றுவிடும். 5டி மார்க் 4-இல் எஸ்டி ஸ்லாட் யூஎச்எஸ்-1, அது சமாளிக்கும். ஆர்6-இல் இரண்டுமே யூஎச்எஸ்-2 எஸ்டி, இது இன்னும் நிம்மதி. 1டிஎக்ஸ் மார்க் 2-இல் ஒன்று சிஎஃப், மற்றது சிஃபாஸ்ட். சிஃபாஸ்ட் கார்டு விலை அதிகம், வேறு எதிலும் பெரிதாகப் பயன்படாது, 1டிஎக்ஸ் மார்க் 3 வந்தபோது கேனானே அதை விட்டுவிட்டு சிஎஃப் எக்ஸ்பிரஸுக்குப் போய்விட்டது. பாடிக்குக் கொடுத்த காசு போதாதென்று ஓய்ந்துபோன கார்டு வகைக்கும் காசு போட வேண்டுமா?

சரி, ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடுகிற திரை. எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், ஆனால் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 6டி-க்கு ஒரு லட்சம் தடவை, 5டி மார்க் 4-க்கு ஒன்றரை லட்சம், ஆர்6-க்கு மூன்று லட்சம், 1டிஎக்ஸ் மார்க் 2-க்கு நாலு லட்சம் என்று கேனான் சொல்வது சோதனைக் கணக்கு. அந்த எண் வந்ததும் கேமரா நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, அதுவரை கட்டாயம் ஓடும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு 3000 படம் என்று வைத்தால் ஒன்றரை லட்சம் என்பது 50 கல்யாணம், நாலு லட்சம் என்பது 130-க்கு மேல். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் ஷட்டர் என்பது மாற்றக்கூடிய பாகம், மாற்றினால் அந்தப் பாடி திரும்பவும் ஓடும். அதனால் செகண்ட்ஸில் ஷட்டர் ஏற்கெனவே ஓடிய எண் அதிகமாக இருந்தால் பயப்படாமல், மாற்றுகிற செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். எண் குறைவாக இருந்தும் பாடி முழுக்க உப்பு பிடித்திருந்தால்தான் ஓட வேண்டும். நிக்கானில் எடுத்த ஜேபெக் படத்தின் விவரத்திலேயே இந்த எண் கிடைத்துவிடும். கேனானில் பெரும்பாலான பாடிகளுக்கு யூஎஸ்பி-யில் இணைத்து ஒரு மென்பொருள் வழியாகப் பார்க்க வேண்டும், விற்கிறவர் சொல்கிற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆர்6, ஆர்8 மாதிரி உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பாடிகளில் எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கிறதே, தேய்மானமே இல்லையே என்று ஒரு பேச்சு உண்டு. நிக்கான் இசட்9 2021-இல் இயந்திர ஷட்டரே இல்லாமல்தான் வந்தது, தொழில்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் படம் பதிகிற அதன் சென்சார் அவ்வளவு வேகமாக வாசிக்கிறது. நம் விலையில் வருகிற பாடிகளில் சென்சார் வாசிப்பு மெதுவு. ஆடிட்டோரியத்தில் எல்இடி விளக்குக்கும் எல்இடி திரைக்கும் முன்னால் எலக்ட்ரானிக் ஷட்டர் ஓடுகிற சைலண்ட் மோடில் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக வரும், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்ய நேரம் போய்விடும். சர்ச்சில் சாமியார் பேசுகிற அமைதியில் நாலு படத்துக்கு அதைப் போட்டுக்கொள்ளலாம், நாள் முழுக்க வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் 6டி-யை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு நல்ல காரணம் இருக்கிறது. 2008-இல் 5டி மார்க் 2-ஓடு வந்த எல்பி-ஈ6 வடிவத்தை கேனான் மாற்றவே இல்லை, உள்ளே கொள்ளளவைத்தான் கூட்டிக்கொண்டு வந்தது. உங்கள் 6டி-யின் பேட்டரி 5டி மார்க் 4-இல் போகும், ஆர்6-இலும் போகும்; பழைய பேட்டரி போட்டால் ஆர்6-இல் தொடர்ந்து எடுக்கிற வேகம் குறையும், அவ்வளவுதான். ஆர்8-இல் போடுவது எல்பி-ஈ17, 1040 மில்லி ஆம்பியர். ஆர்6-இன் எல்பி-ஈ6என்எச் 2130. பாதிகூட இல்லை, அதுவும் நாள் முழுக்க சென்சாரும் வ்யூஃபைண்டர் திரையும் எரிந்துகொண்டே இருக்கிற மிரர்லெஸ்ஸில். மிரர்லெஸ் என்றாலே பேட்டரி அதிகம் தின்னும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்: கேனானின் கணக்குப்படி 5டி மார்க் 4 ஒரு பேட்டரிக்கு 900 படம், ஆர்6 வ்யூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் 380. நடைமுறையில் இரண்டிலும் அதற்கு மேலேயே வரும், ஆனாலும் ஆர்6 எடுத்தால் நாலு பேட்டரி கையில் இல்லாமல் கல்யாணத்துக்குப் போகாதீர்கள். மெனுவில் பேட்டரி தகவல் என்று ஒரு பக்கம் உண்டு, அங்கே மூன்று பச்சைக் கட்டம் இருந்தால் பேட்டரி நல்ல நிலை, சிவப்புக் கட்டம் ஒன்று மட்டும் என்றால் தூக்கிப்போடுங்கள். பேர் தெரியாத கம்பெனி பேட்டரி வேண்டவே வேண்டாம். சார்ஜ் நிற்காதது சின்னத் தொல்லைதான், வெயிலில் வீங்கி பாடிக்குள்ளேயே சிக்கிக்கொண்டு வெளியே வராமல் போவது பெரிய தொல்லை.

இனி நம் கன்னியாகுமரி மாவட்டத்து விஷயம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இணையத்தில் கேமரா பற்றிப் பேசுகிற பெரும்பாலானவர்கள் கடல் காற்றில் வேலை செய்கிறவர்கள் கிடையாது. கேனான், நிக்கான் இரண்டு கம்பெனியின் கையேட்டையும் எடுத்துப் பாருங்கள், வேலை செய்யும் வெப்பநிலை 40 டிகிரி வரை, ஈரப்பதம் 85 சதவீதம் வரை என்று போட்டிருக்கும். ஜூனில் தொடங்குகிற தென்மேற்கு மழையும் அக்டோபரில் தொடங்குகிற வடகிழக்கு மழையும் இரண்டுமே நமக்கு உண்டு, அந்த மாதங்களில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் விடியற்காலையில் நின்றால் 85 சர்வசாதாரணமாகத் தாண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை, சரியாக மழைக்காலம். கடப்புறத்துக் கல்யாணம் என்றால் உப்பு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவில் அவுட்டோர் என்றால் தூசி, அங்கே காற்றுக்கு எதிராக நின்று லென்ஸ் மாற்றினால் சென்சார் கெட்டது. ஆர்6-இல் கேமராவை அணைத்தால் ஷட்டர் மூடிக்கொள்கிற வசதி இருக்கிறது, லென்ஸ் கழற்றும் முன் அணைத்துவிடுங்கள். ஆனால் மூடியிருக்கிற ஷட்டர் திரையில் விரல் படக்கூடாது, புளோயரால் வேகமாக ஊதவும் கூடாது.

முட்டத்திலோ குளச்சலிலோ அரைநாள் நின்றுவிட்டு வந்து பாடியை மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். ஃபிளாஷ் மாட்டுகிற ஹாட் ஷூ தகட்டின் உள்மூலையில், ஸ்ட்ராப் மாட்டுகிற வளையத்தின் அடியில், லென்ஸ் மௌண்டைச் சுற்றி, மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம் இருக்கும். விரல் வைத்தால் பிசுபிசுக்கும். உப்பு காய்ந்துபோனாலும் சும்மா இருக்காது, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துத் திரும்ப நனைந்துகொள்ளும், அப்படியே உலோகத்தை அரிக்கும். முதலில் ஃபிளாஷ் விட்டுவிட்டு எரியும். அப்புறம் லென்ஸ் தொடர்பு சரியில்லை என்று எர்ரர் 01 வரும். கேமரா பழுது என்று ஆட்கள் நினைப்பதில் பாதி இந்தத் தொடர்புப் புள்ளிகள்தான். அதனால் கடற்கரை வேலை முடிந்தால் அன்றைக்கு ராத்திரியே, எவ்வளவு அசதியாக இருந்தாலும், நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் முழுப் பாடியையும் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்துவிடுங்கள். காய்கிற வரைக்கும் பேட்டரி மூடி, கார்டு மூடி, பக்கத்து ரப்பர் மூடி எதையும் திறக்காதீர்கள், மூடி இடுக்கில் நிற்கிற தண்ணீர் உள்ளே போய்விடும். ஆர்6 மார்க் 2, ஆர்8 மாதிரிப் புதுப் பாடிகளில் ஹாட் ஷூவின் முன்பக்கம் வரிசையாகப் பொடிப் பொடித் தொடர்புகள் இருக்கும், அங்கே உப்பு போனால் பாடு. பிளாஸ்டிக் மூடியைப் போட்டே வைத்திருக்க வேண்டும். பழைய ஆர்6-இல் சாதாரண ஷூதான்.

வெதர் சீலிங் என்ற பேச்சை நம்பி மழையில் இறங்கிவிடாதீர்கள். அது மூடி ஓரங்களிலும் பட்டன்களின் அடியிலும் வைத்திருக்கிற ரப்பர் வளையமும் நுரையும்தான். எவ்வளவு நீர் தாங்கும் என்று இவர்கள் ஒரு தர எண் தருவதில்லை, ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 மாதிரி சிலவற்றுக்குத்தான் ஐபி53 என்று சான்று இருக்கிறது. நீர் புகுந்தால் வாரண்டியும் வராது. பாடியில் சீலிங் இருந்து லென்ஸில் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லாத மாதிரிதான். உங்கள் 50 எம்எம் 1.8 என்றால் அதன் பின்னால் ரப்பர் வளையமே கிடையாது. கேனானின் உயர்தர எல் வரிசை லென்ஸிலும் 17-40 போன்ற சிலவற்றுக்கு முன்னால் ஃபில்டர் போட்டால்தான் சீலிங் முழுமை. மழை உறை ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஏசி ஆடிட்டோரியத்தில் இருந்து மழைக்கால வெளிக்காற்றுக்கு வந்தால் கண்ணாடி முழுக்க வேர்க்கும். வெளியே வருவதற்கு முன் கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டு, ஊர்வலம் தொடங்குகிறவரை அப்படியே விடுங்கள். வேர்த்த உடனே லென்ஸைக் கழற்றித் துடைக்கிற வேலை மட்டும் ஆகாது, ஈரம் சென்சார் பக்கம் போய்விடும். வீட்டில் துணிப் பையில் வைத்து பீரோவுக்குள் பூட்டுவதும் ஆகாது, ஃபங்கஸ் அங்கேதான் பிடிக்கிறது. டிரை கேபினெட் வாங்கக் காசில்லையென்றால் காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி போதும், 40-இல் இருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

1டிஎக்ஸ் மார்க் 2 பற்றி இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. கட்டுமானத்தில் அதற்கு இணை இந்தப் பட்டியலில் எதுவும் இல்லை, இதை மனதாரச் சொல்கிறேன். மக்னீசியம் உடம்பு, செங்குத்துப் பிடி உள்ளேயே, விநாடிக்கு 14 படம், பேட்டரி ஒன்றில் 1200-க்கு மேல். விளையாட்டும் செய்தியும் எடுக்கிறவர்களுக்காகச் செய்தது. ஆனால் பேட்டரியோடு ஒன்றரைக் கிலோ, அதில் 24-70-உம் ஃபிளாஷும் மாட்டி பத்து மணி நேரம் தூக்கினால் சாயங்காலம் தோள் படுகிற பாட்டில் நீங்களே நல்ல கோணத்துக்குக் குனிய மாட்டீர்கள். பேட்டரியும் உங்கள் 6டி-யோடு சேராது. ஒன்றரை லட்சமும் அதிலேயே போய்விட்டால் கார்டுக்கும் மிஞ்சாது. தனியாக நிற்கிற ஒரு பெரிய பாடியைவிட, ஒரே பேட்டரி, ஒரே லென்ஸ், ஒரே மாதிரி பட்டன் இருக்கிற இரண்டு நடுத்தரப் பாடிதான் கல்யாணத்தில் காப்பாற்றும். ஒன்று கீழே விழுந்தால் அடுத்ததை எடுத்து அதே நிமிஷம் தொடரலாம். கையும் பழகியிருக்க வேண்டும்: ஐஎஸ்ஓ எங்கே, ஃபோகஸ் பாயிண்ட் நகர்த்துவது எங்கே என்று கண்ணை வ்யூஃபைண்டரில் இருந்து எடுக்காமல் விரலுக்குத் தெரிய வேண்டும், கம்பெனியை மாற்றினால் அது திரும்ப வர மாதங்கள் ஆகும். நிக்கான் வைத்திருக்கிற நண்பர்களுக்கும் சோனி வைத்திருக்கிறவர்களுக்கும் இதேதான், டி750 வைத்திருக்கிறவர் டி850-க்கோ இசட்6 மார்க் 2-க்கோ போகட்டும், ஏ7 மார்க் 3 வைத்திருக்கிறவர் அதிலேயே இன்னொன்று வாங்கட்டும்.

ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பிறவி நோய் உண்டு, வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். நிக்கான் டி600 2012-இல் வந்து, சென்சாரில் புள்ளி விழுகிறது என்று புகார் குவிந்து, மறு வருஷமே டி610 வந்தது. பிறகு நிக்கானே இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. டி750-இல் ஒரு பகுதிக்கு ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். கேனானின் முதல் 5டி சிலவற்றில் உள்ளே இருக்கிற கண்ணாடி கழன்று விழும். இதனால் அந்தப் பாடிகள் ஆகாதவை என்றில்லை, சரிசெய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். அதே மாதிரி உதிரி பாகம். 2020-க்குப் பிறகு கேனானோ நிக்கானோ 5டி, 1டிஎக்ஸ் மாதிரி உள்ளே கண்ணாடி வைத்த தொழில்முறை டிஎஸ்எல்ஆர் பாடி புதிதாக விடவில்லை, பாகங்கள் வருஷத்துக்கு வருஷம் குறையத்தான் செய்யும். ஆர்6-ஐ முதலில் சொன்னதற்கு அதுவும் காரணம். 5டி மார்க் 4 பழசுதான், ஆனால் கல்யாணக்காரர்கள் அத்தனை பேர் வாங்கியதால் அதைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கும், பாகம் எடுக்கச் செத்த பாடியும் இன்னும் சில வருஷம் கிடைக்கும். ஆர்6 எடுத்தால் உங்கள் பழைய லென்ஸை அதில் மாட்ட இஎஃப் அடாப்டர் வேண்டும், அதைக் கேனானுடையதாகவே வாங்குங்கள்.

வளைகுடாவில் இருக்கிற மாமா கொண்டுவருகிறார் என்று புதுப் பாடி வாங்குவது நம் ஊரில் சகஜம். விலை குறையும், ஆனால் பாடி வாரண்டி பெரும்பாலும் வாங்கின நாட்டோடு நின்றுவிடும், அந்த வித்தியாசத்துக்குத் தகுந்த லாபம் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செகண்ட்ஸ் பார்க்கப் போகும்போது உங்கள் லென்ஸ், ஃபிளாஷ், கார்டு, சார்ஜ் ஏற்றிய பேட்டரி எல்லாம் கொண்டுபோங்கள். சிஎஃப் ஸ்லாட் இருந்தால் செல்போன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், 50 ஊசி இருக்கும், ஒன்று சாய்ந்திருந்தாலும் வாங்காதீர்கள். அடியில் இருக்கிற திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். பேட்டரி அறைக்குள் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் நீர் போயிருக்கிறது. 1/8000-இல் வெள்ளைச் சுவரை எடுத்து ஒரு பக்கம் கருக்கிறதா பாருங்கள், எஃப்16-இல் வானத்தை எடுத்துத் தூசி பாருங்கள். ஃபிளாஷை மாட்டி லேசாக ஆட்டிக்கொண்டே பத்துப் பதினைந்து தடவை எரியவிடுங்கள். இரண்டு கார்டிலும் பதிவு வைத்து, பஃபர் (படத்தைக் கார்டுக்கு எழுதும் முன் பிடித்துவைக்கிற நினைவகம்) நிறையும்வரை விடாமல் அமுக்கி, இரண்டிலும் எல்லாப் படமும் திறக்கிறதா என்று லேப்டாப்பில் பாருங்கள். கடைசியாகப் பில்லில் இருக்கிற சீரியல் எண்ணும் பாடியின் அடியில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.